இரண்டு செயலி இருந்தால் இரட்டை வேகமா?



வீட்டு மேசையில் வைக்கும் கணினிக்கு ஒரு செயலி போதாதா, இரண்டு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு பழைய தாய்ப்பலகையின் கதையைச் சொல்கிறேன்.

கணக்கிடும் சில்லுக்குச் செயலி என்று பெயர். அதைத் தாங்கி நிற்கும் பெரிய பலகையே தாய்ப்பலகை. 1990களில் இரண்டு செயலி பொருத்தும் பலகைகள் இருக்கத்தான் செய்தன; ஆனால் அவை பெரும்பாலும் நிறுவனங்களுக்கென்று விற்கப்பட்டவை. விலையைக் கேட்டால் மாதச் சம்பளக்காரருக்குத் தலை சுற்றும்.

1998-இல் இன்டெல் நிறுவனம் செலரான் என்னும் மலிவான செயலியைக் கொண்டு வந்தது. கணினிக்கு ஒன்று என்பதே அந்நிறுவனத்தின் எண்ணம். ஆனால் உள்ளே இருந்த சில்லு, விலை கூடிய பென்டியம் 2-இன் உடன்பிறப்பு. இரண்டு சேர்ந்து உழைக்கும் திறன் அதற்கும் உண்டு. அதற்கான இணைப்பைத்தான் வெளியே விடவில்லை. ஆர்வலர்கள் விடுவார்களா? செலரான் அட்டையில் துளை போட்டு, மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, அந்த இணைப்பைத் தாங்களே உண்டாக்கினார்கள். கை சற்று நடுங்கினால் செயலி பாழ்.

1999-இல் தைவானின் அபிட் நிறுவனம் பிபி6 என்ற தாய்ப்பலகையை வெளியிட்டது. துளையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். இரண்டு செலரான்களை அப்படியே பொருத்தலாம். 366 மெகாஹெர்ட்ஸ் செலரானை 550 வரை முடுக்கி ஓட்டியவர்களும் உண்டு.

வேகம் இரட்டிப்பானதா? அன்று வீடுகளில் பரவலாக இருந்த விண்டோஸ் 98-க்கு இரண்டாவது செயலி கண்ணிலேயே படவில்லை. விண்டோஸ் என்.டி., விண்டோஸ் 2000, லினக்ஸ் போன்றவைதாம் அதற்கும் வேலை கொடுத்தன. அப்போதும் வேலை பிரிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். காய் நறுக்க இரண்டு பேர் இருந்தால் பாதி நேரம் மிச்சம். உலையில் ஏறிய சோறு வேக, பக்கத்தில் எத்தனை பேர் நின்றால் என்ன? ஜீன் ஆம்டால் என்ற கணினி அறிஞர் 1967-இலேயே இதை எடுத்துரைத்தார். நூறு நிமிட வேலையில் எண்பது நிமிடம் பிரிக்கக் கூடியது என்று வையுங்கள். இரண்டு செயலிகள் அந்த எண்பதை நாற்பதாக்கும். மீதி இருபது அப்படியே நிற்கும். மொத்தம் அறுபது நிமிடம். ஆயிரம் செயலிகளைப் பூட்டினாலும் இருபதுக்குக் கீழே இறங்காது.

இன்டெலின் 2000-ஆம் ஆண்டுச் செலரான்கள் இந்த வழியை அடைத்துவிட்டன. 2005-இல் ஒரே சில்லுக்குள் இரண்டு உள்ளகங்கள் வீட்டுக் கணினிக்கே வந்தன. 2020-இல் ஏ.எம்.டி. ஒரே செயலியில் 64 உள்ளகங்களை விற்றது. ஆம்டாலின் கணக்கு மட்டும் மாறவில்லை.

எனவே, கூடுதல் உள்ளகங்களுக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை. உங்களைக் காக்க வைக்கும் வேலையை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எட்டுச் செயலி காட்டும் கணினியில் மொத்தப் பயன்பாடு 12, 13 விழுக்காட்டிலேயே நின்றால், உழைப்பது ஒன்றுதான். மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன.