பழைய ஊரும் வாய் பேசாத காதலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



காதல் படம் என்றாலே பனிமலையும் குழு நடனமும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால், லாபிஸ் வழியே வடக்கே போகும் இந்த ரயில் பாதையில் ஈப்போ என்றொரு பழைய ஊர் இருக்கிறது. அந்த ஊரே போதும் என்று கேமராவை அங்கே கொண்டுபோனார் ஒரு பெண். அவர்தான் யாஸ்மின் அஹமட். 1958-இல் நம் ஜொகூர் மூவாரில் பிறந்தவர்.

ஈப்போ ஈயத்தால் எழுந்த நகரம். கிந்தா ஆற்றின் ஒரு கரையில் பழைய நகர், மறு கரையில் புதிய நகர். 1985-இல் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். கடைவீடுகள் மட்டும் அப்படியே நின்றன. மலாய்ப் பெண்ணுக்கும் சீன இளைஞனுக்கும் காதல் மலரும் ‘செப்பெட்’ படத்தை யாஸ்மின் அங்கேதான் எடுத்தார். 2005-இல் தோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த ஆசியப் படமாக அது பரிசு பெற்றது.

தமிழர் அவசியம் பார்க்க வேண்டியது, அவர் 2009-இல் தந்த ‘டேலண்டைம்’. ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படமாக்கப்பட்டது. பள்ளிப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வான மெலூரை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் பொறுப்பு மகேஷுக்கு. அவள் பேசுகிறாள், அவன் பதில் சொல்வதில்லை. திமிர் பிடித்தவன் என்று கோபப்படுகிறாள். பிறகுதான் தெரிகிறது, அவனுக்குக் காது கேட்காது என்பது. அங்கிருந்து தொடங்குகிறது காதல்.

மகேஷின் தாய்மாமன் கணேஷ், திருமண வேளையில் அண்டை வீட்டாரோடு எழுந்த தகராறில் கொல்லப்படுகிறார். தம்பியைப் பறிகொடுத்த அக்காள், மகன் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புவதை அறிந்து துடிக்கிறாள், அடிக்கிறாள். அவளை யாஸ்மின் வில்லியாகக் காட்டவில்லை. அவளுடைய கோபத்துக்கு அடியில் ஆறாத துக்கம் இருப்பதைக் காட்டினார். ஒரு மலாய் இயக்குநர் தமிழ்த் தாயின் வலியை இவ்வளவு நெருங்கிப் பார்த்தது சாதாரணமல்ல.

"படத்துக்கு நல்லது, வீட்டுக்கு ஆகுமா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். முஸ்லிமை மணக்க மற்றவர் மதம் மாற வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டநிலை. பெயர், வழிபாடு, பிள்ளைகளின் மதம், கடைசியில் ஈமச்சடங்கு வரை அது தொடும். பெற்றோரின் அச்சம் கற்பனையல்ல. படமும் அதை மறைக்கவில்லை. இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்துக் கதையை முடிக்கவுமில்லை.

அப்படியானால் படம் என்னதான் சொல்கிறது? காது கேட்காத பிள்ளை கைகளால் தாயிடம் மன்றாடுகிறான். காது கேட்கும் பிள்ளைகள் எத்தனை வீடுகளில் வாய் திறக்கவே அஞ்சுகிறார்கள்! படிக்கவும் பிழைக்கவும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளை, மனத்தில் இருப்பதை முதலில் வீட்டில் சொல்ல முடிய வேண்டும். சம்மதிப்பதும் மறுப்பதும் பெற்றோர் விருப்பம். ஆனால், அடிப்பதற்கு முன் கேட்பது கடமை.

‘டேலண்டைம்’ வெளிவந்த அதே 2009-இல், 51 வயதில், யாஸ்மின் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற படத்தை ஒரு மாலை, குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு பேசுங்கள்.