கலெக்டரைக் காணப் போகுமுன்
(கொரட்டூர் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே! நம் ஏரியில் சாக்கடை கலப்பது பல ஆண்டுக் கதை. மனுவோடு போனால் நடப்பதென்ன? ஏரி நீர்வளத் துறையுடையது. சாக்கடை குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. ஆலைக் கழிவைக் கவனிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மூன்று வாசல் ஏறி இறங்கினால் மூன்று நாள் கூலி போச்சு! அவர்களுக்கு மாதச் சம்பளம், நமக்கு அப்படியா?

ஆகவே மூன்று துறையாரையும் ஒரே நாளில் ஏரிக்கரைக்கே வரவழைக்கும்படி அம்பத்தூர் எம்.எல்.ஏ.விடம் தேதி கேட்போம். சட்டசபை கூடிவிட்டால் அவர் கோட்டையில்தான் இருப்பார். அதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் விவரம் அவர் கையிலிருந்தால் சபையிலேயே எழுப்பலாம்.

பழைய நினைப்பில் திருவள்ளூருக்கு ரயிலேறாதீர்கள். 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் ராஜாஜி சாலையில், சிங்காரவேலர் மாளிகையில். 1923-ல் இந்நகரில் மே தினக் கொடியேற்றிய நம் சிங்காரவேலரின் பெயர்தான் அது. கூச்சமின்றி உள்ளே போங்கள்.

ஐந்து பேர் போதும், பேசுகிறவர் ஒருவர். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால், எந்தத் தேதி என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் தோழர்களில் யார் யார் வருகிறீர்கள்? பெயர் கொடுங்கள்.