கடைசிப் பத்தடி



எங்கள் ஊரான கொக்குவிலில் இப்போது மாடி வைத்துக் கட்டும் சில வீடுகளில் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டு அறையும் சேர்ந்து வருகிறது. கரம் பலகையோடு தொடங்கும் அறை அது. பிறகு மேசைப் பந்தாட்ட மேசை வரும். வெளிநாட்டில் இளமையைக் கழித்துவிட்டு ஊரில் வீடு கட்டுகிறவர் என்றால், அங்கே காசு போட்டு விளையாடிய ஆளுயர வீடியோ கேம் பெட்டியிலும் அவருக்கு ஆசை இருக்கும். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் நாம்கோ வெளியிட்ட பாக்மேன், இவையெல்லாம் அந்தப் பெட்டிகளில் ஓடியவைதான். விளையாட்டைப் பற்றி நான் பேச வரவில்லை. வீதியில் வந்து இறங்கும் அந்தப் பெட்டியை மாடி அறைவரை கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அந்த வேலையை மதிப்பிட வந்திருக்கிறேன்.

பாரம் நகர்த்துவது ஒரு கலை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கூத்துக்கும் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் எத்தனையோ பேர் மதிப்புரை சொல்லியிருக்கிறார்கள். பாரம் தூக்குகிறவரின் திறமையை ஒருவர் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய வேலை பிழைத்தால் மட்டும் ஊர் முழுக்கப் பேச்சு.

முதலில் பெட்டியின் உடம்பைப் பார்ப்போம். நின்று விளையாடும் பழைய பெட்டி கிட்டத்தட்ட ஐந்தேமுக்கால் அடி உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. கூடு ஒட்டுப்பலகையாலோ மரத்தூள் பலகையாலோ ஆனது. மேற்பாதியில், பழைய ரிவியில் இருந்ததைப் போன்ற கனத்த கண்ணாடிப் படக்குழாய் உட்கார்ந்திருக்கும். கீழ்ப்பாதியில் ஒரு மின்மாற்றியும் காசுப் பெட்டியும்தான், மிச்சம் வெற்றிடம். ஆகவே பாரம் முழுக்க மேலே, அதுவும் முன்பக்கமாக. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது தெரியாது. அலுமாரி தூக்கிப் பழகிய கை, அடிப்பாகம் தன்னைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்பிச் சரிக்கும். சரித்தவுடன் பெட்டி தலைகுப்புற வரப் பார்க்கும். முன்னால் நிற்பவர் பயந்து கையை விடுவார். விபத்துகளில் பாதி இப்படித்தான், வாசலுக்கு வருமுன்னே, விறாந்தைப் படியில் நடந்துவிடுகிறது.

படக்குழாய்க்கு இன்னொரு பலவீனம் உண்டு. பின்னால் ஒடுங்கிப் போகும் அதன் கழுத்து மெல்லிய கண்ணாடி. பின்கதவு திறந்திருக்க, பிடிக்க வசதி என்று உள்ளே கையை விட்டு யாராவது அதில் இடித்தால் கழுத்து முறியும், உள்ளே காற்றுப் புகும், குழாய் அத்தோடு செத்துப்போகும். மாற்றுக் குழாய்க்கு எங்கே போவது? உலகில் அத்தகைய குழாய்களைச் செய்த தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவிட்டன. அதைவிடப் பெரிய ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் குழாயில் உயர் அழுத்த மின்னேற்றம் தங்கி நிற்கலாம். பாரத்தைக் குறைக்கக் குழாயைத் தனியே எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்த மின்னேற்றத்தை இறக்கத் தெரிந்த ரிவி திருத்துநர் ஒருவர் அருகில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

குண்டு அடித்து விளையாடும் பின்போல் மேசை இதைவிடப் பொல்லாதது என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அது பரவாயில்லை. கால்களைக் கழற்றலாம், தலைப்பலகையை மடிக்கலாம், உருக்குக் குண்டுகளை முதலே எடுத்துவிட்டால் உள்ளே எதையும் உடைக்காது. செய்தவர்களே அது இடம் மாறும் என்று எதிர்பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

இனி ஆட்களுக்கு வருவோம். நல்ல ஆட்களை எப்படி அறிவது? வந்தவுடன் அவர்கள் பொருளைத் தொடமாட்டார்கள். வெறுங்கையோடு படலையிலிருந்து அறைவரை ஒருமுறை நடப்பார்கள். கதவு நிலையைச் சாணால் அளப்பார்கள். படி திரும்பும் இடத்தில் நின்று மேலே பார்ப்பார்கள். ரைல்ஸை விரல் மடக்கித் தட்டிக் கேட்பார்கள். அடியில் சீமெந்து பிடிக்காத ரைல்ஸ் பொள்ளென்று சத்தம் போடும், நூறு கிலோவைச் சின்னச் சில்லுகளில் உருட்டினால் வெடிக்கும். வீட்டுக்காரருக்கு இந்த நடை வீண் நேரமாகத் தெரியும், "தூக்குங்கோவன்" என்று அவசரப்படுத்துவார். என் மதிப்பீட்டில் வேலையின் பெரும்பகுதி அந்த நடையிலேயே முடிந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து கொக்குவில் வரை ஒரு கீறலும் இல்லாமல் லொறியில் வந்த பெட்டி, ஒழுங்கைக்குள் லொறி நுழையாமல் பட்டா என்னும் சின்ன லொறிக்கு மாறி, அதிலிருந்தும் பத்திரமாக இறங்கி, கடைசிப் பத்தடியில் உடைகிறது. காரணம் பலக்குறைவு அல்ல. அந்தப் பத்தடியை ஒருவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

பார்த்து நகர்த்தும் இந்த அறிவு எங்களுக்குப் புதிதா? மஞ்சவனப்பதி முருகன் கோயில் தேர் வீதி வலம் வருவதைப் பாருங்கள், அல்லது நல்லூரில் இருபத்துநான்காம் நாள் தேரைப் பாருங்கள். எல்லோர் கண்ணும் வடத்திலும் சுவாமியிலும் இருக்கும். நீங்கள் ஒருமுறை சில்லடியைப் பாருங்கள். கையில் மரக்கட்டையோடு சிலர் குனிந்தபடி சில்லோடு கூடவே நடந்துகொண்டிருப்பார்கள். தேருக்குத் திருப்பும் வளையம் கிடையாது. அது எந்தப் பக்கம் வெட்ட வேண்டும், எங்கே வேகம் தணிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கட்டையை எந்தச் சில்லுக்கு எந்தச் சரிவில் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் தேர் உறைந்து நின்றுவிடும், பிந்தினால் கை சில்லுக்குள் போகும். இழுப்பது ஆயிரம் பேரின் பலம், நடத்துவது நாலு பேரின் கண். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சில்லும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும், அந்தத் தேரை வீதி முனையில் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் வேண்டியிருக்கிறது.

தேரைப் பற்றிப் பேசும்போது ஒரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் இரவில் வீதியுலா வந்த தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 உயிர்கள் போயின. எங்கள் ஒழுங்கைகளில் மின்கம்பிகள் பல இடங்களில் தாழ்ந்து தொங்குகின்றன. பட்டாவிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ ஆளுயரப் பொருளை நிமிர்த்தி ஏற்றி, விழாமல் பிடிக்க ஒருவர் மேலே நின்று வருவதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பொருளைப் படுக்க வையுங்கள், ஆளைக் கீழே இறக்குங்கள்.

வீட்டுக்குள் இயந்திரம் ஏற்றிய கதையும் எங்கள் பகுதிக்கு உண்டு. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். போகும் வழியில் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் கொடுத்ததை எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்லும். வாங்கிய இரும்புப் பொறி கடல் கடந்து வந்து, கரையில் இறங்கி, வண்ணார்பண்ணைக்குப் போய், வித்தியாநுபாலன யந்திரசாலையில் ஆடாமல் நின்றதே, அதைத் தோளிலும் வண்டியிலும் கொண்டுவந்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அந்தப் பக்கம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம், அதில் 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. இந்தப் பக்கம் எங்கள் கொக்குவிலிலேயே சோதிடப் பிரகாச யந்திரசாலை. இத்தனை பொறிகள் மணலிலும் ஒழுங்கையிலும் உருண்டு வந்திருக்கின்றன. உருளைக்கு மரக்குற்றி, நெம்ப அலவாங்கு, பிடிக்கத் தும்புக்கயிறு. நெம்பினால் உடனே அடியில் கட்டை வைக்க வேண்டும், வைத்த பிறகுதான் மூச்சு விட வேண்டும் என்பது பாரம் தூக்குவோரின் பழைய ஒழுங்கு. அதைத் தவறவிடுகிற இடத்தில் விரல் போகும்.

எங்கள் ஊரில் கனத்த பொருளுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் போரால் எழுந்து நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தபோது, தூக்க முடிந்தது மட்டும் கூட வந்தது. ஆட்டுக்கல்லும் உரலும் இரும்புப் பெட்டியும் வீட்டிலேயே கிடந்தன. பல வருடங்கள் எங்கள் சனம் பொருள் வாங்கும்போது மனதுக்குள் ஒருமுறை தூக்கிப் பார்த்துத்தான் வாங்கியது. அதனால் இன்று ஒருவர் நூறு கிலோப் பெட்டியை, வெறும் விளையாட்டுக்காக, மாடிக்கே ஏற்றி வைக்கிறார் என்றால் எனக்கு மகிழ்ச்சி. ஆடம்பரம் என்று அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிராது என்ற நம்பிக்கையில்தானே அதை அங்கே வைக்கிறார்.

மாடிப்படிதான் இந்தக் கலையின் உரைகல். ஆளுயரப் பொருளைச் சரித்துப் படியில் ஏற்றும்போது பாரம் இரண்டு பேருக்கும் சமமாகப் பிரியாது; கீழே நிற்பவர் மீது கூடுதலாக இறங்கும். எங்கள் வீடுகளில் மரியாதைக்காக வயதில் மூத்தவரை மேலே விட்டு, இளைஞர் கீழே நிற்பதுண்டு. அதில் பிழையில்லை. ஆனால் கீழே ஒருவர் தனியாக நிற்கக் கூடாது. பெட்டியின் கனத்த தலைப்பக்கம் மேலே போகும்படி படுக்கவைத்தால் கீழ்ப்பாரம் குறையும். மேலே ஒரு தூணில் சுற்றிய கயிறு பெட்டியைப் பிடித்திருக்க வேண்டும். கை வழுக்கினாலும் கயிறு வழுக்காது. கயிற்றை விளையாட்டுப் பிடிகள் இருக்கும் பலகையில் கட்டாதீர்கள். அது கூட்டோடு நாலு திருகாணியில்தான் நிற்கிறது, பெட்டியை விட்டுவிட்டுத் தனியே வந்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பெட்டி படியின் முதல் பாதியை அழகாக ஏறி, திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நாலு பேர் நாலு கட்டளை. "அங்கால தள்ளு" என்கிறார் மேலே நிற்பவர், "இஞ்சால இழு" என்கிறார் கீழே நிற்பவர். முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும் இருவரில் ஒருவரின் வலம் மற்றவரின் இடம். இரண்டு பேரும் சொன்னபடியே செய்தார்கள், பெட்டி சுவரைக் கிழித்தது. பிறகு ஒரு முதிய நாட்டாமைத் தொழிலாளி வந்தார். எல்லோரையும் வாய் மூடச் சொன்னார். "கிணத்தடிப் பக்கம் ஒரு விரற்கடை" என்றார். "இப்ப வீதிப் பக்கம் தலையை மட்டும்" என்றார். கிணறு யாருக்கும் இடம் மாறாது. பெட்டி திரும்பியது. நல்ல குழுவில் ஒரே ஒரு குரல்தான் கேட்கும், அதுவும் அதிகம் பேசாது. கலையை மதிப்பிட எனக்கு ஓர் அளவுகோல் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏற்றி முடித்த பிறகும் அவசரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்த பெட்டியென்றால் மரத்தூள் பலகை ஊதியிருக்கும்; துடைத்துக் காய விடுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, எங்களுக்கு 230. பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல் செருகினால், இத்தனை பேர் வியர்வை சிந்தி ஏற்றியது ஒரு நொடியில் புகையாகும். மின்னழுத்தம் குறைக்கும் மாற்றியை முதலே வாங்கி வையுங்கள்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். பெட்டிக்கு இலட்சக் கணக்கில் கொடுத்தவர், அதை ஏற்றுகிற நாலு பேரிடம் ஐந்நூறு ரூபாவுக்குப் பேரம் பேசுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேரத்துக்குக் கூலி பேசினால் அவர்கள் அந்த முதல் நடையை நடக்கமாட்டார்கள். வேலைக்குக் கூலி பேசுங்கள், அவர்கள் கேட்டதைக் கொடுங்கள், கைக்கோ இடுப்புக்கோ காயம் வந்தால் வைத்தியச் செலவும் உங்களுடையது என்று முதலே சொல்லுங்கள்.

கடைசியாக, வீடு கட்டுகிறவர்களுக்கும் மேசன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அம்ஸ்ரர்டாம் நகரத்துப் பழைய கால்வாய்க்கரை வீடுகளில் படிகள் மிக ஒடுக்கம். அதனால் கட்டும்போதே முகப்பின் உச்சியில் ஓர் உத்திரத்தை வெளியே நீட்டிக் கொக்கி வைத்துவிட்டார்கள். அலுமாரியோ பியானோவோ கப்பியில் ஏறி யன்னல் வழியாக உள்ளே போகும், இன்றும் போகிறது. எங்கள் வீடுகளில் படி அகலம் இரண்டரை அடி, திருப்பம் அதைவிட ஒடுக்கம், மேலே அறை மட்டும் பெரியது. மாடிக் கூரைக்குக் கொங்கிறீற் போடுவதற்கு முன்னால், பல்கனிக்கு மேலே வரும் உத்திரத்தின் கம்பியோடு சேர்த்து ஒரு தடித்த இரும்புக் கொக்கியைக் கட்டிவிடுங்கள். எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதைப் பொறியியலாளரிடம் கேட்டு, கம்பியின் தடிப்பைத் தீர்மானியுங்கள். பல்கனிக் கதவையும் மூன்றரை அடிக்குக் குறையாமல் வையுங்கள். கொங்கிறீற் இறுகிய பிறகு துளைத்துப் பூட்டும் கொக்கியை இத்தனை பாரத்துக்கு நான் நம்பமாட்டேன்.