கடலோரச் சிற்றூர்களும் கண்ணாடிக் கம்பியும்

(பொம்மையார்பாளையத்தில் கூடிய நம் சமூகத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் முன்னோர் பள்ளிக்கூடத்திற்கு விண்ணப்பம் எழுதினர், தபாலாபீசுக்கு எழுதினர், மின்விளக்குக்கு எழுதினர். ஒவ்வொரு முறையும், ‘கடலுக்குச் செல்வோர்க்கு இஃது எதற்கு?’ என்று கேட்டவர் உண்டு. அக்கேள்விக்கு மறுமொழி சொல்லிக் களைத்துப் போகாமல், மீண்டும் மீண்டும் கேட்டதனாலேயே அவை நம் தெருவுக்கு வந்து சேர்ந்தன. இப்பொழுது வேகமான இணையத் தொடர்பு வேண்டுமென்று கேட்க நாம் கூடியிருக்கின்றோம். அதே பழைய கேள்வி இன்றும் எழுகின்றது. ஆதலின், நமக்கு வேண்டுவது இன்னது, அதனைக் கேட்கும் உரிமை இத்தகையது, கேட்கும் முறை இவ்வாறிருத்தல் வேண்டும் என்னும் மூன்றையும் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் மரக்காணத்து உப்பளங்களும், நம்மனோர் வாழும் மீனவக் குப்பங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. அக்காலத்தே பிற நாட்டுச் செய்திகள் யாவும் மரக்கலமேறி இக்கரைக்கே முதலில் வந்தன. இன்றும் செய்தி கடல் வழியாகவே வருகின்றது. இந்தியாவுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையே ஓடும் இணையச் செய்திகளிற் பெரும்பகுதி கடலடிக் கம்பிகளிலேயே ஓடுகின்றது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கம்பி ஒன்று 2002-இல் ஏற்பட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பி 2020-இல் திறந்து வைக்கப்பட்டது. இவ்வாறிருக்க, அக்கடலின் கரையிலேயே வாழும் நம் வீட்டுப் பிள்ளை பரீட்சை விண்ணப்பம் ஒன்றை அனுப்புவதற்கு, மாலை வேளையில் மாடிக்கும் மணல்மேட்டுக்கும் ஏறி இறங்க வேண்டியிருப்பது பொருந்துமோ?

‘கையில் செல்போன் இருக்கின்றதே, அது போதாதா?’ என்பர் சிலர். அதன் இயல்பை அறிதல் நன்று. ஒரு கோபுரத்தின் கீழ் உள்ளோர் அனைவரும் ஒரே அலையைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஒரு கிணற்றில் பத்து வாளி இறங்கினால் தண்ணீர் மேலே வரும். ஆயிரம் வாளி இறங்கினாலோ வாளியோடு வாளி இடிக்குமேயன்றி நீர் வாராது. கண்ணாடி இழைக் கம்பி அத்தகையதன்று. அது மயிரிழை போன்ற கண்ணாடி நூலினூடே ஒளியைச் செலுத்துவது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளிற் கட்டுமரத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்ட ‘பைபர்’ படகின் உடலும் கண்ணாடி இழையாலாயதே. செப்புக் கம்பியை உப்புக்காற்று அரிக்கும். கண்ணாடியை அவ்வாறு அரிக்க மாட்டாது. ஆதலின் நம் கரைக்கு ஏற்ற கம்பி இதுவே. கோபுரத்திற்கும் பின்னே கண்ணாடிக் கம்பி இருந்தாலன்றி அக்கோபுரமும் வேகமாக உழைக்காது.

இனி, கேட்கும் உரிமையைக் கூறுவோம். இந்திய அரசாங்கம் 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே ‘பிராட்பேண்டு’ என்று வரையறுத்தது. பின்னர் அது 512 ஆயிற்று. 2023-இலேதான் 2 மெகாபிட் ஆயிற்று. ஆயின் 2018-ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையோ, 2022-க்குள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 50 மெகாபிட் என்று வாக்களித்தது. வாக்களித்தது ஐம்பது, வரையறை இரண்டு! இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரமே நம் விண்ணப்பத்தின் நியாயம்.

இஃது இரந்து பெறும் பொருளுமன்று. தொலைபேசி நிறுவனங்களின் வருமானத்தில் நூற்றுக்கு 5 பங்கு, கிராமங்களுக்குத் தொடர்பு அளிக்கவென்றே 2002 முதல் தனி நிதியாக வசூலிக்கப்பட்டு வருகின்றது. இப்பொழுது அதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். நாம் செல்போனுக்குச் செலுத்தும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அந்நிதிக்குரிய பங்கு கலந்தே இருக்கின்றது. 2011-இல் தொடங்கிப் பின்னர் ‘பாரத்நெட்’ என்று பெயர் பெற்ற திட்டம் இந்நிதியைக் கொண்டே நடைபெறுகின்றது. நம் மாநிலத்தில் அதனை நிறைவேற்றற்பொருட்டு ஏற்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், அப்பொழுதிருந்த 12,525 ஊராட்சிகளுக்கும் கம்பி கொண்டுசெல்லும் பணியை மேற்கொண்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்திற்குக் கம்பி வருவது வேறு. குப்பத்துக் கடைசி வீட்டிற்கு வருவது வேறு. வாய்க்கால் தலைமடையில் நீர் நிறைந்திருப்பதனால் கடைமடைப் பயிர் பிழைத்துவிடாது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு 1,39,579 கோடி ரூபாயில் திருத்தியமைத்த திட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்துள்ளது. ஊராட்சித் தலைமையிடமல்லாத கிராமங்களும் கேட்பின் கம்பி பெறலாம் என்பது அதன் விதி. ‘கேட்பின்’ என்னும் அச்சொல்லை மனத்தில் இருத்துங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

வேகமான தொடர்பால் யாது பயன் என்று வினவுவோர்க்கு வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 2020 மார்ச்சில் நோயச்சத்தால் மூடப்பட்ட பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் வகுப்பறை புகுந்தனர். இடையே பாடம் யாவும் இணையத்தில் என்றனர். தொடர்புள்ள வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை வாடியது. அவ்விழப்பை ஈடுசெய்ய ஏற்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தை, 2021 அக்டோபர் 27-இல் முதலமைச்சர் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைத்தார். நம் கரையிலேயே அது தொடங்கியமை, இழப்பும் நம் கரைக்குப் புறம்பன்று என்பதைக் காட்டுகின்றது. மற்றும், நிவாரணத்திற்கும் சான்றிதழுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இன்று இணையமே வாயில். வாயில் அடைத்த வீட்டில் விருந்து நடப்பதனால் நமக்கென்ன பயன்?

இவை அனைத்தினும் மேலானது உயிர். அதற்கு நம் அயலூர்களே சான்று.

டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களை நிறுவியது. அக்காலத்தே கிராமத்தில் இணையம் ஏது? வில்லியனூரில் ஒரு தலைமை நிலையம் வைத்து, கம்பியும் ரேடியோவும் கலந்து, சூரியசக்தியின் உதவியோடு செய்தியை ஊர்களுக்கு அனுப்பினர். நம்மவர் வாழும் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை அறிந்து, ஒலிபெருக்கி வாயிலாகக் கடற்கரையெங்கும் அறிவித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டுப் படகை இறக்குவதா, நிறுத்துவதா என்று தீர்மானித்தனர்.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்னும் மீனவ ஊரிலும் அத்தகைய மையம் ஒன்று ஏற்பட்டது. 2004 டிசம்பர் 26 காலை, அம்மையத்தில் முன்னர்த் தொண்டாற்றிச் சிங்கப்பூரில் வேலையிலிருந்த அவ்வூர் இளைஞர், ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கூவினர். வீடுகள் இடிந்தன, படகுகள் சிதைந்தன, ஆயின் சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூர் மக்கள் உயிர் பிழைத்தனர். அதே நாளில் நம் கரையெங்கும் நேர்ந்ததை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அதனைச் சொல்லாமலே அறிந்த குடும்பங்கள் இங்கு அமர்ந்திருக்கின்றன.

இச்சரித்திரத்தின் பொருளை உய்த்துணர்மின்! நல்லவாட்டைக் காத்தது கம்பியின் வேகம் மட்டுமன்று. வந்த செய்தியை ஊர் முழுவதற்கும் சொல்லும் ஒரு பொது இடமும், அதனைத் தம்முடையதென்று எண்ணிய மக்களுமே காத்தனர். இன்று அன்றைக்கிருந்ததைவிடப் பன்மடங்கு வேகம் தனித்தனிக் கைகளில் இருக்கின்றது. ஊர்ப்பொதுவில் இருப்பது யாது? 2007 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்குகின்றது. கடலின் நிலையும் மீன் மிகும் இடமும் நாள்தோறும் அறிவிக்கப்படுகின்றன. அவ்வறிவிப்பு, வலையைத் தூக்கும் வைகறைப்பொழுதில் கரையில் நிற்பவன் செவியை எட்டினாலன்றிப் பயனில்லை.

ஆகவே, நாம் கேட்கும் முறையும் அத்தகைய பொதுமுறையாக இருத்தல் வேண்டும். ஈண்டு நம் சங்கத்தார் மனம்விட்டு ஆராய வேண்டிய ஒன்றைக் கூறுகின்றோம். ‘நம் சமூகச் சங்கம் கேட்கும் கம்பி நம் தெருவுக்கு முதலில் வரட்டும், மற்றவர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று அன்பர் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் நமக்கு உடன்பாடன்று. புதுச்சேரி மையங்களை நிறுவியோர், ஊரார் பொது இடம் தர வேண்டும், அங்கே ஒடுக்கப்பட்டோரும் பெண்டிரும் உட்பட யாவரும் தடையின்றி நுழைய வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தனர். அந்நிபந்தனை நீதி, நமக்கு இலாபமும் அதுவே. ஒரு தெரு ஒப்பமிட்ட விண்ணப்பத்தை அதிகாரிகள் மடித்து வைப்பர். குப்பத்தாரும், மேட்டுத் தெருவாரும், காலனியாரும், உப்பளத் தொழிலாளரும் ஒருங்கே ஒப்பமிட்டதை அவ்வாறு மடித்தல் அரிது. வீடுகள் பெருகுந்தோறும் ஒரு வீட்டுக்காகும் செலவும் குறையும். கரைவலை இழுக்கும்பொழுது கயிற்றைத் தொட்டவனுக்கெல்லாம் பங்கு கொடுத்த மரபினர் நாம். அம்மரபை இக்கம்பியில் மறப்போமாயின், அஃது எத்தனை வேகமாக வரினும் நமக்குப் பெருமையாகாது.

தாமே முயன்று வென்ற சிற்றூரார் உலகில் உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் லங்காஷயர் நாட்டுப்புறத்தார், பெரிய நிறுவனங்கள் தம் ஊர்களைப் பொருட்படுத்தாமை கண்டு, 2011-இல் தாமே ஒரு சமூக நிறுவனம் தொடங்கினர். உழவர் தம் நிலத்தின் ஊடே கம்பி செல்ல இலவசமாக வழி விட்டனர். ஊரார் மண்வெட்டி எடுத்துப் பள்ளம் தோண்டினர். பங்குகள் வாங்கி முதல் திரட்டினர். நொடிக்கு 1,000 மெகாபிட் வேகம் அவர்தம் பண்ணை வீடுகளுக்குக் கிடைத்தது. நம் நாட்டுச் சட்டமும் சூழ்நிலையும் வேறு. ஆயினும் வழிவிடுவதும் தோள் கொடுப்பதும் நமக்கும் இயல்வனவே.

பெரியோர் சிலர் கூறும் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. இணையச் சூதாட்டத்தில் பொருளிழந்த குடும்பங்கள் உண்டு. அதற்கெதிராகத் தமிழ்நாட்டிலும், 2025-இல் நாடு முழுமைக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. ஆயினும் அத்தீமை மெதுவான இணையத்திலும் வந்து சேர்ந்தது. நன்மைதான் வந்து சேரவில்லை. உப்பு மிகுந்தால் கறி கெடும். அதற்காக உப்பளத்தை மூடுவார் உண்டோ? கண்காணிப்பு வீட்டாரின் கடமை. கம்பி ஊராரின் உரிமை.

முடிவாக, நாம் கேட்க வேண்டுவன நான்கு. முதலாவது, கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நில்லாமல் ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் வருதல் வேண்டும். இரண்டாவது, நம் மாநிலத்தில் இக்கம்பி பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியே கொண்டுசெல்லப்படுகின்றது. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயலும் நம்மை அடுத்தே கரை கடந்தன. கம்பம் சாய்ந்தால் அதன்மீதுள்ள கம்பியும் அறுமன்றோ? கடலரிப்பு வேறு கம்பத்தின் அடியைத் தின்னுகின்றது. ஆதலின் கரையோரத்தில் கம்பியைத் தக்க இடம் பார்த்து நிலத்தடியிலே புதைத்தல் வேண்டும். ஒருபுறம் அறுந்தால் மறுபுறம் செய்தி வருமாறு வளையமாக அமைத்தலும் வேண்டும். மூன்றாவது, கடற்கரைக்கு அண்மையில் ஒரு பொது அறிவு நிலையமும், மின்சாரம் நின்றாலும் நில்லாத பாட்டரியும், ஒலிபெருக்கியும் வேண்டும். நான்காவது, வேகம் எவ்வளவு, பழுதானால் எத்தனை நாளிற் சீராக்கப்படும் என்பன எழுத்தில் உறுதி செய்யப்படுதல் வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகின்றது. அடுத்த சபையில் இந்நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றி, படியொன்றை மாவட்ட ஆட்சியருக்கும் மற்றொன்றைக் கம்பி நிறுவனத்தாருக்கும் அனுப்புவோம். தாய்மார்கள் தவறாது வந்து கையெழுத்திட வேண்டுகின்றோம். பிள்ளையின் படிப்பும், கடல்மேற் சென்றோர் நலமும் அவர்கள் கவலையேயன்றோ? இளைஞர்கள் ஒரு மாத காலம் தெருத்தெருவாகக் காலை, நண்பகல், இரவு என மூவேளையும் இணைய வேகத்தை அளந்து ஏட்டில் குறித்து வாருங்கள். வாய்ச்சொல்லினும் கணக்கு வலிது. ஊர்ப் பெரியோர், நிலையத்திற்கு ஒரு பொது இடத்தை இப்பொழுதே ஒதுக்கி, அதன் வாயில் யாவர்க்கும் திறந்திருக்கும் என்று எழுதி வைப்பாராக!

கம்பி ஒளியைக் கொண்டுவரும். அவ்வொளி ஊர் முழுவதும் பரவுவதும் ஒரு மூலையில் ஒடுங்குவதும் நம் ஒற்றுமையைப் பொறுத்தன. ஒருங்கே கேட்போம், பெற்றதை ஒருங்கே காப்போம்.

வாழ்க நம் ஊர்! வளர்க நம் ஒற்றுமை!