சுடுகாட்டு வாகையும் புறம்போக்குப் பாட்டும்



இயற்கையும் படைப்பாளிகளும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக மலையேறி விடுவார்கள். அருவி, குறிஞ்சிப் பூ, மயில் எல்லாம் வரும். கேட்பவர்களுக்கும் குளுகுளுவென்று இருக்கும். நான் இந்த மாவட்டத்தை விட்டு அதிகம் வெளியே போவதாக இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் நின்று இயற்கையைப் பற்றிப் பேச முடியாதென்றால் வேறெங்கும் பேசிப் பயனில்லை என்பது என் கட்சி.

மின்ரயிலில் போகும்போது ஊர்ப்பெயர்ப் பலகைகளைக் கவனித்திருக்கிறீர்களா? நம் கும்மிடிப்பூண்டித் தடத்தில் அத்திப்பட்டு. அரக்கோணம் தடத்தில் வேப்பம்பட்டு, கடம்பத்தூர், பனம்பாக்கம், திருவாலங்காடு. ரயிலை விட்டு இறங்கினால் வேல மரத்துக்குத் திருவேற்காடு, முல்லைக் கொடிக்குத் திருமுல்லைவாயில், மூங்கிலுக்குத் திருப்பாசூர். பெரியபாளையம் பக்கம் கள்ளிக்கும் ஒரு பாடல் பெற்ற தலம் உண்டு. பழைய பெயர் திருக்கள்ளில்; இப்போது திருக்கண்டலம் என்கிறோம். கள்ளிச் செடிக்குக் கோயில் வைத்த சனங்கள் நாம்.

இந்தப் பெயர்களில் திருவாலங்காட்டில் மட்டும் இன்று கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் காரைக்காலில் பிறந்த புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண், அழகையும் சதையையும் உதறிப் பேய் வடிவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் அது. மாங்கனிக் கதை உங்களுக்குத் தெரியும், சேக்கிழார் சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிடுகிறேன். காரைக்கால் அம்மையார் என்று நாம் அழைக்கும் அவர் அங்கே பாடிய இரண்டு பதிகங்களைத்தான் மூத்த திருப்பதிகங்கள் என்கிறோம். தேவாரத்துக்கும் மூத்தவை.

பக்தி இலக்கியம் என்று ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதால் நாம் கவனிக்காத விஷயம் ஒன்று அந்தப் பதிகங்களில் இருக்கிறது. அம்மையார் சுடுகாட்டைப் பாடும்போது மரம் என்று பொதுவாகச் சொல்வதில்லை. எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை, கள்ளி, வாகை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பறவைகளிலும் அப்படித்தான்: கூகை வேறு, ஆந்தை வேறு. ஒரு தாவரவியல் மாணவர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு இந்த வட்டாரத்தின் முட்புதர்க் காடுகளில் நடந்தால், இன்றும் பெரும்பாலானவற்றைத் தொட்டுப் பார்த்துவிடலாம். இல்லாத சோலையைக் கற்பனை செய்து பாடியவர் இல்லை அவர். தொண்டை மண்டலத்து வறண்ட புதர்க்காடு எப்படி இருக்குமோ அப்படியே வைத்தார். அதன் நடுவில் இறைவனை ஆடவிட்டார்.

இதை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் அந்தப் பதிகத்தைப் பாடம் நடத்தியவன் நான். காய்ந்து வெளுத்த வாகை நெற்றுகள் நள்ளிரவில் ஒலிக்கும் என்று அம்மையார் சொல்லும் இடத்தில், நெற்று என்றால் முற்றிக் காய்ந்த காய் என்று உரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒரு பங்குனி மாதம், சிப்காட்டில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு மாலையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தலைக்கு மேல் யாரோ சலங்கையை உலுக்குவது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் இலை உதிர்ந்த மரம். கிளை முழுக்க வெள்ளை வெளேரென்று தட்டையான காய்கள். காற்று வந்தபோதெல்லாம் உள்ளே விதைகள் உருண்டு கலகலத்தன. பக்கத்தில் நின்ற காவலாளியிடம் என்ன மரம் என்று கேட்டேன். 'வாகைங்க ஐயா, ராத்திரி ட்யூட்டில தனியா இருந்தா இந்தச் சத்தம் ஒரு மாதிரியா இருக்கும்' என்றார். அம்மையார் பாட்டுக்கு அதைவிட நல்ல உரையை நான் எந்தப் பதிப்பிலும் படித்ததில்லை.

வீட்டுக்குப் போய்க் குறுந்தொகையை எடுத்தேன். ஏழாம் பாட்டு, பெரும்பதுமனார் பாடியது, பாலைத்திணை. காதலனோடு வீட்டை விட்டுப் போகும் பெண்ணைச் சுரத்தில் கண்டவர்கள் இரங்கிப் பேசும் பாட்டு. அங்கேயும் காற்றில் வாகை நெற்று ஒலிக்கிறது. கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடிகளுக்குக் கொட்டும் பறையைப் போல. அப்படியானால் அம்மையார் செய்ததென்ன? பாலையின் மரத்தைப் பெயர்த்தெடுத்துச் சுடுகாட்டில் நட்டார். கூத்தாடிகளுக்குக் கொட்டிய பறை, பெருங்கூத்தனுக்குக் கொட்டத் தொடங்கியது. மரபை இதைவிட லாகவமாக யாரும் திருப்பியதில்லை என்பேன்.

பின்னால் வந்த சோழச் சிற்பிகள் அம்மையாரின் உடலை அழகாகப் பிடித்தார்கள். எலும்பு தெரியும் மார்பு, கையில் தாளம், முகத்தில் சிரிப்பு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் இருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனியாகவும் இருக்கிறார். ஆனால் நான் பார்த்த சிற்பம் எதிலும் அவருடைய கள்ளியும் சூரையும் இல்லை. தெய்வத்தை வைத்துக்கொண்டு காட்டை விட்டுவிட்டார்கள். நம் பாடப்புத்தகங்களும் அதைத்தான் செய்கின்றன.

இனி நம் மாவட்டக் கடற்கரையில் உள்ள பழவேற்காட்டுக்கு வருவோம். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியாக் கோட்டை கட்டியது துணிக்காக என்பது தெரிந்த செய்தி. மலாய் நாட்டில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குக் 'கைன் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது நம்முடைய புலிகாட், பழவேற்காடுதான். எனக்கு வியப்பு அதில் இல்லை, சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளில் இருக்கும் சிவப்பில் இருக்கிறது. கடற்கரை மணலில் தானாக முளைக்கும் இம்பூரல் என்ற சின்னஞ்சிறு செடியின் வேர் அது. சாயவேர் என்றே பெயர். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் வரைந்து, சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட கோடு மட்டும் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய நிறம் வெயிலிலும் அலசலிலும் போய்விடும். கறுப்புக்கு இரும்புத் துண்டை வெல்லத்தோடு புளிக்கவைத்த நீர். நீலத்துக்கு அவுரி.

அந்தத் துணிகளில் ஐரோப்பியர் விரும்பி வாங்கியது ஒரு பெரிய மரம் படர்ந்த விரிப்பு. ஒரே மரத்தில் பத்து விதப் பூக்கள் பூத்திருக்கும். அப்படி ஒரு மரம் எந்த ஊரிலும் கிடையாது. வாங்குபவர் ரசனைக்கு வரைந்தது. ஆனால் அந்தப் பொய் மரத்தின் சிவப்பு, தரிசென்று யாரும் சீந்தாத மணலில் தோண்டிய நிஜ வேர். 1869இல் ஜெர்மனியில் அலிசரின் சாயத்தை ஆய்வகத்தில் செய்யக் கற்ற பிறகு வேர் தோண்டும் தொழில் மெல்ல மடிந்தது. இம்பூரல் செடி மடியவில்லை. இப்போதும் முளைக்கிறது. நமக்குத்தான் அடையாளம் தெரிவதில்லை.

அடையாளம் தெரிவதைப் பற்றிப் பேசினால் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். எழுத்தாளர், ஓவியர், கறுப்பு வெள்ளைப் புகைப்படக்காரர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 46 ஆண்டுகள் ஒரே பத்தியைத் தொடர்ந்து எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் இறந்த நாளிலும் அது அச்சில் வந்தது. தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு மயிலாப்பூர் வீட்டுக் காக்கையைப் பற்றியும் பல்லியைப் பற்றியும் எழுதியவர். காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்பவர்களுக்கு அவர் ஒருவரே போதுமான பதில்.

திரும்பவும் நம் ஆற்றுக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு திருவாலங்காட்டு வட்டாரத்தின் வழியாக வந்து, பூண்டியில் 1944இல் கட்டிய நீர்த்தேக்கத்தில் தேங்கி, மிச்சம் எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. அந்தக் கழிமுகத்தில் 2017 ஜனவரியில் ஒரு பாட்டு வந்தது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. ரதீந்திரன் பிரசாத் படமாக்கினார். ஆனந்தபைரவி, பேகடா போன்ற கச்சேரி ராகங்களில், வட சென்னைப் பேச்சுத் தமிழில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எதிரே நின்று பாடியது. சபாக்காரர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பாட்டின் பிரசாரம் சில இடங்களில் கூடுதலாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு வசைச் சொல்லைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பாட்டு.

புறம்போக்கு என்பது கிராமக் கணக்கில் தீர்வை இல்லாமல் பொதுவுக்கென்று விட்ட நிலம். ஏரி, ஓடை, மேய்க்கால், உப்பங்கழி. பட்டா இல்லாததால் அது யாருக்கும் இல்லாத நிலம் என்று ஆயிற்று. பிறகு உருப்படாதவனைத் திட்டும் சொல்லாயிற்று. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வந்தபோது ஊர் மக்கள் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த காட்டுக்காகப் போராடினார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்ததும் பட்டா இல்லாத நீரில்தான்.

அந்தக் கணக்குப் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டுங்கள். சுடுகாடும் புறம்போக்குதான். அப்படிப் பார்த்தால் தமிழின் முதல் புறம்போக்குப் பாட்டைப் பாடியவர் காரைக்கால் அம்மையார். ஆற்றின் மேல்பக்கம் ஆறாம் நூற்றாண்டில் தொடங்கியதைத்தான் கடல்முகத்தில் நம் காலத்தில் தொடர்ந்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் இயற்கையிலிருந்து பிறந்த நல்ல கலையெல்லாம், பயனற்றதென்று ஒதுக்கிய நிலத்திலிருந்தே பிறந்திருக்கிறது.

இளம் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கப் பூக்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்காதீர்கள். சிப்காட் சாலையோரத்துச் சீமைக் கருவேலம் வெளியிலிருந்து வந்த முள்தான். ஆனாலும் அம்மையார் இன்று வந்தால் தம் பட்டியலில் அதைத்தான் முதலில் சேர்ப்பார். உங்கள் பட்டியலை நீங்கள் எழுதுங்கள், பெயர் சொல்லி எழுதுங்கள்.

வருகிற பங்குனிச் சுவாதிக்குத் திருவாலங்காட்டில் அம்மையார் விழா. அரக்கோணம் மின்ரயிலில் போய் இறங்கிக்கொள்ளலாம். வாகை நெற்று காய்ந்திருக்கும் மாதம் அது.