விற்பவர் சொல்லத் தக்கதும் தகாததும்

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



வாரச் சந்தையில் பொருள் விற்பது நமக்குப் புதிதன்று. வாங்க வருபவரின் முகத்தைப் பார்க்கிறோம். எந்த ஊர், யார் வீட்டார் என்று விசாரிக்கிறோம். காசை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகே பொருளைக் கைவிடுகிறோம். இதை நமக்கு எவரும் வகுப்பு நடத்திக் கற்பிக்கவில்லை. பாட்டியும் தாயும் செய்யக் கண்டு நாமும் செய்கிறோம்.

இன்று சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. நம் குழுவினர் முடையும் பனையோலைப் பெட்டியும், இடிக்கும் மசாலைப் பொடியும் தொலைதூர நகரங்களுக்குச் செல்கின்றன. வீட்டிலுள்ள பழைய பொருளையும் படம் பிடித்துப் போட்டு விற்கிறோம். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆனால் இச்சந்தையில் வாங்குபவர் முகம் தெரியாது. அவருக்கு நம் வங்கி விவரத்தையும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

சில மாதங்களுக்கு முன் நம் வட்டாரத்துச் சகோதரி ஒருவர் தம் பழைய தையல் இயந்திரத்தை விற்க விரும்பினார். விலை ரூ. 4,500 என்று கைபேசியில் விளம்பரம் செய்தார். ஒரு மணி நேரத்திற்குள் ஒருவர் பேசினார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், வெகு தொலைவில் இருப்பதாகவும், பொருளை எடுத்துச் செல்ல வண்டி அனுப்புவதாகவும் சொன்னார். விலையில் ஒரு ரூபாயும் குறைக்கக் கேட்கவில்லை. “பணம் அனுப்புகிறேன், நான் அனுப்பும் கட்டம் போட்ட குறியீட்டுப் படத்தை ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய எண்ணை இட்டால் பணம் வந்துவிடும்” என்றார். சகோதரி அவ்வாறே செய்தார். ரூ. 4,500 வரவில்லை, போயிற்று. “தவறு நேர்ந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்” என்று அவர் வேறொரு படம் அனுப்பினார். மேலும் ரூ. 9,000 போயிற்று. அத்தொகை மறுநாள் குழுக் கடனுக்குக் கட்ட வைத்திருந்த தவணைப் பணம்.

வீட்டாருக்கு அஞ்சியும் குழுவினருக்கு வெட்கியும் அவர் மூன்று நாள் எவரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் நம் அலுவலகத்திற்கு வந்து அழுதார். அப்பொழுது காலம் கடந்துவிட்டது.

குற்றம் அந்தச் சகோதரியுடையதன்று. கணக்குத் தொடங்கவும், பொருளைப் படம் பிடித்து விளம்பரம் செய்யவும் நாம் பயிற்சி கொடுத்தோம். பணம் வரும் வழி எது, போகும் வழி எது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்குறை அலுவலர்களாகிய நம்முடையது. அதைத் தீர்க்கவே இன்று இங்குக் கூடியிருக்கிறோம்.

உண்டியலும் சாவியும்

கோயில் உண்டியலில் எவரும் காசு போடலாம். போடுவதற்குச் சாவி வேண்டியதில்லை. எடுப்பதற்கே சாவி வேண்டும். நம் வங்கிக் கணக்கும் அத்தகையதே. பிறர் பணம் போடுவதற்கு வேண்டிய விவரம் வேறு. பணத்தை எடுப்பதற்கு வேண்டிய விவரம் வேறு. காசு போட வந்தவர் சாவியைக் கேட்டால் அவர் போட வந்தவர் அல்லர். இந்த ஒன்றை மனத்தில் இருத்தினால் மற்றவை தாமே விளங்கும்.

சொல்லத் தக்கவை

நம் கணக்கில் பணம் செலுத்த விரும்புபவருக்கு மூன்று விவரங்கள் போதும். முதலாவது கணக்கில் உள்ள பெயர். இரண்டாவது கணக்கு எண். மூன்றாவது ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. இக்குறியீட்டில் எழுத்தும் இலக்கமுமாகப் பதினொன்று இருக்கும். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது சுழியம், கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். காசோலையில் இது அச்சிடப்பட்டிருக்கும். பாஸ்புத்தகத்தின் முற்பகுதியிலும் பார்க்கலாம்.

2016இல் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதானால் நம் யு.பி.ஐ. முகவரியோ, நம்முடைய குறியீட்டுப் படமோ போதுமானது. படத்தை ஸ்கேன் செய்ய வேண்டியவர் பணம் கொடுப்பவரே, பெறுபவர் அல்லர். கடைக்காரர் படத்தை வைத்திருக்கிறார், வாங்குபவர் ஸ்கேன் செய்கிறார் என்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நாம் விற்கும்பொழுது நாமே கடைக்காரர்.

விவரங்களை எழுத்தில் அனுப்புவதே நன்று. பாஸ்புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். அதில் நம் விலாசமும், சில பக்கங்களில் இருப்புத் தொகையும் வரவு செலவும் உள்ளன. அவை வாங்குபவருக்குத் தேவையற்றவை. கூடுமானால் விற்பனைக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு, அதில் சேரும் பணத்தை அவ்வப்போது சேமிப்புக் கணக்கிற்கு மாற்றிவிடுவது சிறந்தது.

சொல்லத் தகாதவை

யு.பி.ஐ. ரகசிய எண் நான்கு அல்லது ஆறு இலக்கங்கள் கொண்டது. பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவுமே அது பயன்படும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை. ஏ.டி.எம். அட்டையின் எண், அது காலாவதியாகும் மாதம், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்கம், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண், இணைய வங்கியின் கடவுச்சொல் ஆகிய எவையும் வாங்குபவருக்கு வேண்டுவன அல்ல. வங்கி ஊழியர் என்று சொல்லிக்கொண்டு கேட்பவருக்கும் இவற்றைச் சொல்லலாகாது. ஆதார் அட்டையின் படமும் வேண்டியதில்லை. பனையோலைப் பெட்டி வாங்குபவருக்கு நம் ஆதார் எதற்கு?

“உங்களுக்கு உதவி செய்கிறேன், இந்தச் செயலியைக் கைபேசியில் ஏற்றுங்கள்” என்று ஒருவர் சொன்னால் உடனே பேச்சை நிறுத்திவிட வேண்டும். நம் கைபேசித் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் செயலிகள் உள்ளன. அவை வழியே நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. அவ்வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட கையேட்டில், பாதுகாப்புப் படையினர் என்று சொல்லிக்கொண்டு இணைய விற்பனைத் தளங்களில் ஏமாற்றுவோரைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. நம் சகோதரிக்கு நேர்ந்தது நாடு முழுவதும் நேர்ந்துவந்ததே என்பது இதனால் விளங்கும்.

முன்பு இத்தகையோர் யு.பி.ஐ. வழியாகப் பணம் கேட்கும் வேண்டுகோளை அனுப்பி, அதைப் பணம் வருவதுபோலக் காட்டி ஏமாற்றினர். தனி நபருக்குத் தனி நபர் அனுப்பும் அவ்வேண்டுகோள் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஒரு சந்து அடைபட்டது நல்லதே. ஆயினும் குறியீட்டுப் படமும் பொய்ப் பேச்சும் இன்னும் இருக்கின்றன.

பணம் வந்ததா?

பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் படத்தை எவரும் கைபேசியில் தயாரிக்கலாம். வங்கியிலிருந்து வந்ததுபோன்ற குறுஞ்செய்தியையும் எழுதி அனுப்பலாம். ஆகையால் வாங்குபவர் காட்டுவதை நம்பாது, நம் கணக்கின் இருப்பை நாமே பார்த்தறிந்த பிறகே பொருளை அனுப்ப வேண்டும். காசோலை கொடுத்தால் அது வசூலாகிக் கணக்கில் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

“ரூ. 2,000க்குப் பதிலாக ரூ. 20,000 அனுப்பிவிட்டேன், மீதியை உடனே திருப்பி அனுப்புங்கள்” என்று சிலர் கெஞ்சுவர். முதலில் இருப்பைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் வந்திராது. உண்மையாகவே வந்திருந்தால் நாமே திருப்பி அனுப்பாது வங்கிக் கிளைக்குத் தெரிவியுங்கள். அது வேறொருவரிடம் திருடிய பணமாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் நம் கணக்கும் முடக்கப்படக்கூடும். அதுபோன்றே, கமிஷன் தருவதாகச் சொல்லி நம் கணக்கைச் சில நாள் இரவல் கேட்பவருக்கும் இடங்கொடுக்கலாகாது. அவர்தம் குற்றத்திற்கு நாம் பதில் சொல்ல நேரும்.

அவசரப்படுத்துபவரைக் கண்டு சந்தேகியுங்கள். நாணயமாக வாங்குபவர் அரை மணி பொறுப்பார். அந்த அரை மணியில் குழுத் தலைவியையோ, படித்த பிள்ளையையோ, நம் அலுவலகத்தையோ கேட்டுக்கொள்ளலாம்.

நேர்ந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தும் பணம் போய்விட்டால் முதற்காரியமாக 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்து வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கிலிருந்து மேலும் பணம் போகாதபடி தடுக்கச் சொல்லுங்கள். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், ஏமாற்றியவரின் கைபேசி எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த செய்திகளை அழித்துவிட வேண்டாம். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு ஓடிக்கொண்டிருக்கும். எடுக்கப்படுவதற்குள் சொன்னால் இடையில் நிறுத்தி வைக்க இயலும். இதில் நாள் கணக்கு உதவாது; நிமிடக் கணக்கே உதவும்.

வெட்கப்பட்டு மறைப்பதே ஏமாற்றுபவனுக்கு நாம் செய்யும் பெரிய உதவி. குழுவில் ஒருவர் பணத்தை இழந்தால் மற்றவர் “உனக்கு அறிவில்லையா?” என்று கேட்கலாகாது. அவ்வாறு கேட்கப்படுவோம் என்ற அச்சமே நம் சகோதரியின் வாயை மூன்று நாள் அடைத்தது.

அவர் இழந்த பணம் இன்றுவரை திரும்பவில்லை. குழுவினர் தவணைக்குத் தவணை கொடுத்து உதவினர். அவர் இரவில் தைத்து அதை அடைத்தார். பின்னர் அதே தையல் இயந்திரத்தை மீண்டும் விளம்பரம் செய்தார். இம்முறை பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு என்ற மூன்றை மட்டும் கொடுத்தார். பணம் வந்ததை வங்கியில் கேட்டறிந்த பின் பொருளை அனுப்பினார். அவர் இன்று இம்முகாமில் உங்களிடையே அமர்ந்திருக்கிறார். யார் என்று எவரும் கேட்க வேண்டாம். தமக்கு நேர்ந்ததை எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டவர் அவரே.

அஞ்சி விற்பனையை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் நம் உழைப்பின் விலையை மீண்டும் பிறரே நிர்ணயிப்பர். உண்டியலை ஊரார் முன் வையுங்கள். சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.