சிவப்பு மையும் ஒரு சின்னச் சொல்லும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஆற்றிய உரை)



"சார், பத்து நிமிஷம் பேசுங்க, கிராமர் மட்டும் வேண்டாம்"னு செயலாளர் கேட்டுக்கிட்டார். மன்னிக்கணும், கிராமர்தான் பேசப்போறேன். இந்த அரங்கத்துல ஒருத்தருக்கு நான் ஒரு கடன் பாக்கி வச்சிருக்கேன்.

1982. நான் அப்போது புது விரிவுரையாளர். பி.ஏ. முதலாண்டு மாணவர் ஒருவர் தம் கட்டுரையில், 'தி புக் ஐ பாட் இஸ் குட்' என்றும், 'தேர் இஸ் எ மேன் வான்ட்ஸ் டு சீ யூ' என்றும் எழுதியிருந்தார். முதலாவதில் 'விச்' எங்கே, இரண்டாவதில் 'ஹூ' எங்கே என்று இரண்டையும் சிவப்பு மையால் அடித்தேன். "சார், இங்கிலீஷ் கதைப் புத்தகத்துல இப்படிப் படிச்சேன்" என்றார். "எந்த இங்கிலீஷ்காரனும் இப்படி எழுத மாட்டான், உட்காரு!" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவர் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து, டென்மார்க் நாட்டு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் (1860–1943) எழுதிய ஆங்கில இலக்கணம் கைக்குக் கிடைத்தது. இப்படி இணைப்புச் சொல் இல்லாமல் ஒட்டி நிற்கும் தொடர்களுக்கு அவர் 'கான்டாக்ட் கிளாஸ்' என்று பெயரிட்டிருந்தார். அவற்றில் எதுவும் விடுபட்டுப் போகவில்லை, அதுவே ஆங்கிலத்தின் இயல்பான அமைப்பு என்பது அவர் கட்சி. எனக்குத் தூக்கம் போச்சு.

முதல் வாக்கியம் முழுக்கச் சரி. 'புக்' பக்கத்தில் 'ஐ' வந்ததுமே புதுத் தொடர் தொடங்கியது காதுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதில் 'மேன்' பக்கத்தில் நேரே வினைச்சொல் நிற்கிறது. இப்படி நின்றால் எது முக்கிய வினை என்ற குழப்பம் வரலாம். பிற்கால எழுத்து ஆங்கிலம் இதை ஒதுக்கிவிட்டது. ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களில் இது தாராளமாக வரும். 'தேர் இஸ்' என்று தொடங்கும் பேச்சில் குழப்பம் குறைவு. அங்கே இன்றும் புழங்குகிறது.

நான் ஏன் அப்படிக் கோபப்பட்டேன்? தமிழில் 'நான் வாங்கிய புத்தகம்' என்று பெயரெச்சத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. 'ஹூ', 'விச்' எல்லாம் நாம் பாடுபட்டுக் கற்றவை. கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதை ஒரு பையன் சர்வசாதாரணமா விட்டுட்டா, மனசு பொறுக்கலை.

மாணவச் செல்வங்களே, பரீட்சையில் இரண்டாவது வாக்கியத்துக்கு 'ஹூ' போட்டே எழுதுங்க, மார்க் முக்கியம். ஆனா யாராவது 'தப்பு'ன்னு சொன்னா, 'எங்கே தப்பு, எப்போதிருந்து தப்பு'ன்னு பணிவா கேளுங்க. கேட்டால் பதில் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

அந்த மாணவர் இன்று மூன்றாவது வரிசையில் பேரனோடு உட்கார்ந்திருக்கிறார். தம்பி, நான் போட்ட முதல் கோடு முழுத் தப்பு. இரண்டாவது கோடு பாதித் தப்பு. உங்களை 'உட்காரு'ன்னு சொன்னதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க.